தென்முனைக்கு ஒரு சைக்கிள் – 3: ஒட்டுப் போடும் கை

பெக்கான் நானாஸுக்கு இன்னும் இரண்டு கட்டை இருக்கும்போது பின்சக்கரம் மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. இருபது நிமிடத்துக்கு முன்புதான் ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரமாக வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, டியூபை மாற்றி, வியர்வை சொட்டச் சொட்டக் காற்றடித்துக் கிளம்பியிருந்தேன். கைவசம் இருந்த ஒரே மாற்று டியூபும் போச்சு. ஒரு லோரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. அது அனுதாபமா, ‘ஓரமாய் நில்’ என்ற அதட்டலா, தெரியவில்லை.

முதல் இரண்டு வாரம் படிக்காதவர்களுக்கு: ஸ்கூடாயில் கிளம்பி, பெக்கான் நானாஸ், பொந்தியான், குக்குப் வழியாகத் தஞ்சோங் பியாய்க்குப் போவதாகத் திட்டம். ஆசியப் பெருநிலம் தெற்கே முடிகிற இடம் அது. ஏறக்குறைய 75 கிலோமீட்டர். வாழ்நாளில் கடைவீதிக்கு மேல் சைக்கிள் மிதிக்காத எனக்கு எட்டு வாரப் பயிற்சி. முதல் ஞாயிறு 15 கிலோமீட்டரில் தொடங்கி வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, ஐந்தாவது ஞாயிறு பெக்கான் நானாஸ் போய்த் திரும்ப வேண்டும். கால் ஒத்துழைத்தது. ஆரம்பத்தில் வந்த முழங்கால் வலியும் சீட்டை உயர்த்தியதும் விட்டது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் மடங்காமல் நீள வேண்டும், அதுதான் கணக்கு. நான் அதுவரை குழந்தை வண்டியில் உட்கார்ந்த மாதிரி மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டணத்துக்குப் போனேன். சைக்கிள் கடைத் தவுக்கே எழுபதைத் தாண்டியவர். பஞ்சரான டியூபை நீட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டயருக்குள் கட்டைவிரலை விட்டு மெதுவாக ஒரு சுற்றுத் தடவினார். பாதி வட்டத்தில் விரல் நின்றது. குறடால் பிடித்து இழுத்தார். தலைமுடி கனத்தில், நகத்தளவு கூட இல்லாத ஒரு கம்பி. லோரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள்ளிருக்கும் கம்பி இப்படித்தான் துண்டு துண்டாகச் சாலையோரம் கிடக்குமாம். அந்த ஓரத்தில்தானே நாம் மிதிக்கிறோம்! முதல் டியூபைக் குத்திய கம்பியை டயருக்குள்ளேயே விட்டுவிட்டு, அதன்மேல் இரண்டாவது டியூபைப் பக்குவமாகப் போர்த்தியிருக்கிறேன்.

இந்தச் சாலைகளில் டயரோடு மல்லுக்கட்டியவர்கள் எனக்கு முன்னும் உண்டு. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 31-இல் ஜோகூர் பாருவில் நின்றது. 55 நாள். அந்த வேகத்துக்கு ஒரு காரணம் சைக்கிள். பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலங்களைத் தகர்த்தது. சிப்பாய்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். அந்தப் படையின் திட்டங்களை வகுத்த மசநோபு சுஜி எழுதிய நினைவுக் குறிப்பில் எனக்குப் பிடிபட்டது வேறு விஷயம். ஒவ்வொரு கம்பெனியிலும் சைக்கிள் பழுது பார்க்கவென்றே குறைந்தது இரண்டு பேர். ஆளாளுக்கு மிதித்தால் போதாது, நாள்தோறும் சுமார் இருபது வண்டிக்கு யாராவது கைவேலை செய்தாக வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். வெயிலில் டியூப் வெடித்துத் தீர்ந்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இருட்டில் அந்த இரும்புச் சத்தம் டாங்கி வருவதுபோல் கேட்டதாம். உதிரிப் பாகத்துக்கும் பஞ்சமில்லை. போருக்கு முன்பே மலாயாவில் ஜப்பான் சைக்கிள் மலிவாக விற்றுக்கொண்டிருந்தது.

இதை வியந்து சொல்லவில்லை. அந்தச் சக்கரங்களுக்குப் பின்னால் வந்த ஆட்சிதான் நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பியது. ஆனால், நெடுந்தூரத்தைக் கால் மட்டும் கடப்பதில்லை என்பது அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே கணக்கு.

தவுக்கே ஐந்து வெள்ளி வாங்கிக்கொண்டார். வாங்கும் முன் இன்னொரு டியூபை என்னையே ஒட்டச் சொன்னார். அவசரப்பட்டுச் சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டை அழுத்தப் போனேன்; கையைத் தட்டிவிட்டார். “துங்கு, துங்கு.” பொறு, பொறு. பளபளப்பு மங்கி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஐந்து வாரம் காலைப் பழக்கிய நான், கையை ஒரு நாளும் பழக்கவில்லை.

அன்றிரவே திட்டத்தைத் திருத்தினேன். மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் 75-க்கு ஐந்து மணி நேரம். ரொட்டி சானாய், இளநீர், நிழல் எல்லாம் சேர்த்து ஒரு மணி என்று வைத்திருந்தேன். இப்போது பஞ்சருக்கென்று இன்னொரு மணி. மத்தியான வெயிலும் அதற்குப் பின்னால் இடியோடு வரும் மழையும் பிடிப்பதற்குள் சேர வேண்டுமானால், காலை ஐந்தரைக்குக் கிளம்பியாக வேண்டும். 1982 ஜனவரி முதல் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததிலிருந்து ஜோகூரில் பொழுது விடிவது ஏழு மணி வாக்கில். அதாவது ஒன்றரை மணி நேரம் இருட்டில் மிதிக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் இதே ஜோகூர் பாருவில், விடியாத சாலையில், சைக்கிளில் இருந்த எட்டுப் பிள்ளைகள் கார் மோதி இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, முதுகில் ஒளி திருப்பும் பட்டை. சைக்கிளுக்கு அனுமதியில்லாத நெடுஞ்சாலைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பையில் இரண்டு டியூப், ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள், டயர் நெம்பி, கைப்பம்பு.

மறுநாள் வரவேற்பறையில் நாளிதழை விரித்து, மறுபடி காற்றிறங்கிய சக்கரத்தைக் கழற்றினேன். ஓட்டை எங்கே என்று பிடிபடவில்லை. பேசினில் தண்ணீர் கொண்டுவர எழுந்தேன். சோபாவில் இருந்த அம்மா, “தண்ணி எதுக்குடா?” என்றார். முப்பது வருடம் பால் வெட்டியவர்.

“ஓட்டை தெரியணும்ல, முக்கினாத்தானே குமிழி வரும்?”

“வழியில பேசினுக்கு எங்க போவ? குடு இங்க.”

டியூபை வாங்கி, கன்னத்தோடு ஒட்டினாற்போல் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல நகர்த்தினார். ஓர் இடத்தில் நிறுத்தி விரலை வைத்தார்.

“பெரட்டுக்கு முன்னாடி, அந்த இருட்டுல, எல்லாம் இப்படித்தான் பாத்தோம்.”

அம்மா சைக்கிள் ஓட்டிப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. விரல் வைத்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன்.

(தொடரும்)