திரை வடிவமைப்போருக்கு முன்மாதிரி எங்கே?

வீட்டிற்கு வாயில் எப்படியோ, கருவிக்கு முகம் அப்படி. உள்ளே எத்துணைச் செல்வம் குவிந்திருப்பினும், வாயிலைக் காண முடியாதவனுக்கு அது இல்லாததே ஆகும். இன்று வங்கி, புகைவண்டி நிலையம், மருத்துவமனை, தேர்வு மண்டபம் யாவும் கைப்பேசியின் கண்ணாடித் திரைக்குள் வந்துவிட்டன. அத்திரையில் எழுத்து எங்கே நிற்பது, பொத்தான் எவ்வளவு பெரிதாக இருப்பது, எந்த நிறம் எதைச் சொல்வது என்று முடிவு செய்வோரை இடைமுக வடிவமைப்பாளர் என்கிறோம். நம் சங்கத்து மாணவர் சிலரும் இத்தொழிலை நாடுகின்றனர். “முன்மாதிரிகளை எங்கே தேடுவது?” என்பதே அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி.

டிரிபிள், பிஹான்ஸ் போன்ற வலைத்தளக் காட்சிக்கூடங்களைப் பார் என்பது வழக்கமான விடை. பார்ப்பதில் தவறில்லை, கண்ணுக்கு அது நல்ல பயிற்சியே. ஆயினும் அங்கே காண்பவற்றுள் பல காட்சிக்கென்றே வரையப்பட்டவை. அவற்றில் பெயர்கள் யாவும் சிறியவை. படங்கள் யாவும் தெளிவானவை. இணைப்பு நடுவே அறுவதில்லை. வாழ்க்கை அப்படியன்று. ஆகவே, அவற்றினும் உறுதியான சில ஊற்றுகளை இங்கே கூற விரும்புகிறேன்.

அளந்தறிந்த விதிகள்

1954ஆம் ஆண்டில், கணிப்பொறிக்குச் சுட்டி என்ற கருவியே தோன்றாத காலத்தில், பால் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் கையின் இயக்கத்தை அளந்தார். இலக்கு தொலைவானால் அதை எட்டும் நேரம் கூடும். இலக்கு அகன்றால் நேரம் குறையும். தொலைவையும் அகலத்தையும் ஒருங்கே இருமடங்காக்கினால் நேரம் மாறுவதில்லை. விகிதமே இங்குக் கணக்கு. அடிக்கடி தொட வேண்டிய பொத்தான் பெரிதாகவும் விரலுக்கு அருகிலும் இருக்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறதன்றோ?

இவ்விதியைத் தழுவிய வழிகாட்டிகள் விலையின்றியே கிடைக்கின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் வழிகாட்டி, தொடும் இடம் 44 புள்ளிகளுக்குக் குறையலாகாது என்கிறது. 2014இல் வெளிவந்த கூகுளின் மெட்டீரியல் டிசைன் 48 அலகு கேட்கிறது. ஓர் அங்குலத்திற்கு 160 அலகு. எனவே 48 அலகு என்பது ஏறத்தாழ 7.6 மில்லிமீட்டர். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவிலேனும் இருக்க வேண்டும் என்பது உலகளாவிய வலை அமைப்பின் அணுகல் நெறி. வெள்ளையின்மீது கறுப்பு 21க்கு 1. வெளிர்சாம்பல் எழுத்து அழகென்று கருதுவோர், அதை உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று படித்துப் பார்க்கட்டும்.

சிறு கட்டத்தில் பெரும் கலை

1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறிக்குப் படக்குறிகள் வரைந்தவர் சூசன் கேர் என்னும் அம்மையார். ஒரு குறிக்கு அவருக்குக் கிடைத்த இடம் 32க்கு 32 புள்ளிகள். அதாவது 1,024 புள்ளிகள். கட்டத்தாளில் கட்டங்களை நிரப்பியே அவர் தொடங்கினார். கட்டளை விசைக்கு அவர் தேர்ந்த வளைய வடிவம், சுவீடனில் காணத்தக்க இடங்களைச் சுட்டும் சாலைக் குறியாகும். முன்மாதிரியைத் திரையில் மட்டுமன்றித் தெருவிலும் தேடலாம் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டின் பாடம்

அத்தகைய தேட்டத்திற்கு நாம் சுவீடன் வரை செல்ல வேண்டுவதில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் எழுத்தறிந்தோர் 100க்கு 18 பேர் அளவே. அந்நிலையில் 1951-52இல் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி. பெட்டியின்மீது ஒரு சின்னம். எழுத்தறியாதவரும் தாம் விரும்பியவருக்கு வாக்களித்தனர்.

இன்றைய வாக்குப்பதிவு எந்திரத்தைக் கூர்ந்து நோக்குங்கள். பெயர், சின்னம், பொத்தான் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அழுத்தியதும் சின்னத்தின் அருகே சிவப்பு விளக்கு எரிகிறது, ஒலியும் எழுகிறது. அருகிலுள்ள கருவியின் கண்ணாடி வழியே 7 விநாடி ஒரு சீட்டுத் தெரிகிறது. பார்வையற்றோர் தடவியறியப் பிரெய்ல் எண்களும் உண்டு. தேர்வு எளிது, விடை உடனடி, புலன்கள் மூன்றுக்கும் இடம். இடைமுகக் கலையின் நூல்கள் விரித்துரைக்கும் நெறிகள் இவைதாமே!

தமிழின் தேவை

வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் தமிழுக்கு ஒரு தீங்கு நேர்கிறது. இந்நகரில் கட்டட வேலைக்கு வந்துள்ள நம்மவர் சிலர், ஊருக்குப் பணம் அனுப்ப உதவி கேட்டு நம்மிடம் கைப்பேசியை நீட்டுவதுண்டு. ஒரு பெரியவர், “தம்பி, எதை அமுக்கணும்னு தெரியல, நீயே அமுக்கிடுப்பா” என்று இரகசிய எண்ணையும் சேர்த்தே சொல்லிவிட்டார். அவர் நாளும் தமிழ் நாளிதழ் படிப்பவர். திரையும் தமிழில்தான் இருந்தது. ஆனால் இரு பொத்தான்களிலும் “பரிமாற்றத்தை” என்ற சொல்லும் அதன்பின் மூன்று புள்ளிகளுமே தெரிந்தன! ஒன்று “உறுதிசெய்”; மற்றது “ரத்துசெய்”. எது எது என்று யார் அறிவார்?

காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஏவல் வினை முதலில் வரும். வால் வெட்டுண்டாலும் வினை பிழைக்கும். தமிழில் வினை இறுதியில் வரும்; வெட்டும்போது உயிர்ச்சொல்லே போய்விடும். மொழிபெயர்த்தவர் மீது குறையில்லை. பொத்தானின் அகலத்தை ஆங்கிலச் சொல்லைக் கொண்டு அளந்ததே குறை. “அனுப்பு”, “வேண்டாம்” என்ற இரு சொற்கள் போதுமானவை. இல்லையேல், சொல் இரண்டாம் வரிக்கு இறங்க இடம் விட வேண்டும்.

நம் எழுத்தில் இகரக் குறி மேலே எழும். உகரக் குறி கீழே இறங்கும். ஆதலால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் வெளி தேவை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகிய எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, எவரும் எடுத்தாளலாம். ஆகவே பொருளில்லை என்று கூற இயலாது; கவனம்தான் வேண்டும்.

இறுதி ஊற்று

எல்லாவற்றினும் சிறந்த ஊற்று, கருவியைப் பயன்படுத்தும் மனிதரே. ஐவரிடம் கொடுத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற அறிஞர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். எண்ணிக்கையைப்பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஒருவரிடமும் கேளாதிருப்பதினும் ஐவரைக் கேட்பது மேல் என்பதில் வேறுபாடில்லை. சோதிக்கும்போது வாய் திறவாமல், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். தயங்கிய இடமே திருத்த வேண்டிய இடம்.

நம் சங்கம் விடுமுறை நாளொன்றில் இத்தகைய சோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். வடிவமைக்கும் மாணவர் தம் திரையைக் கொண்டு வரட்டும். இந்நகரத்து உழைப்பாளத் தமிழர் நடுவராக அமரட்டும். தம் பணத்தைத் தம் விரலாலேயே, தம் இரகசியத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, ஒருவர் ஊருக்கு அனுப்ப முடியுமானால், அத்திரையே நமக்கு வேண்டிய முன்மாதிரி.