டீஃப்ராக் பண்ணா லேப்டாப் வேகமாகுமா?

ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "அண்ணனோட பழைய லேப்டாப், பயங்கர ஸ்லோ. அப்பப்போ டக் டக்னு சத்தமும் வருது. டீஃப்ராக் பண்ணிடலாமா?" அந்தச் சத்தத்துக்குக் கடைசியில வரேன்.

முதல்ல உள்ளே இருக்கிறது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியான்னு பாருங்க. விண்டோஸ் 10, 11-ல டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ்ல டிஸ்க்கைத் தொட்டா தெரியும்.

ஹார்ட் டிஸ்க்ல ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கும், ஒரு ஹெட் அதுமேல நகர்ந்து நகர்ந்து படிக்கும். ஃபைல்களை அழிச்சு, சேர்த்து, திரும்ப அழிக்கும்போது காலி இடம் சிதறிடும். அடுத்து வர்ற பெரிய ஃபைல் கிடைச்ச இடத்துல பிரிஞ்சு உக்காரும். தட்கல்ல டிக்கெட் போட்ட குடும்பம் மாதிரி: அப்பா எஸ்3, அம்மா எஸ்7, பாட்டி எஸ்11. ஆளுக்கொரு இட்லி பொட்டலம் கொடுக்க ரயில் முழுக்க நடக்கணும்.

அந்த நடைக்கு எவ்வளவு நேரம்? நிமிஷத்துக்கு 5,400 தடவை சுத்துற லேப்டாப் டிஸ்க்ல ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட். தேவையான இடம் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியா அதுல பாதி. ஹெட் நகர்ற நேரமும் சேர்ந்தா, ஒரு தாவலுக்கு 15 மில்லிசெகண்டைத் தாண்டிடும். 1,000 துண்டா கிடக்கிற ஃபைல்னா 15 செகண்ட் தாவுறதுக்கே போச்சு. டீஃப்ராக் செய்யறது, குடும்பத்தை ஒரே கோச்சுக்கு மாத்துறது.

எஸ்எஸ்டியில ஹெட்டும் இல்ல, நடையும் இல்ல. எழுத எழுதத் தேயுற மெமரி அது, அதனால டீஃப்ராக் வீண் தேய்மானம்தான். விண்டோஸ்ல 'ஆப்டிமைஸ்' கொடுத்தா பொதுவா ட்ரிம் ஓடும், அதாவது எந்த இடமெல்லாம் இனி தேவையில்லைன்னு டிரைவுக்குச் சொல்லும். அது இருக்கட்டும்.

ஹார்ட் டிஸ்க்னா விண்டோஸே வாரத்துக்கு ஒரு தடவை பண்ணிடும், நீங்க அதை ஆஃப் பண்ணாம இருந்தா. ஆனா 15 சதவீதமாவது காலி இடம் வேணும், நகர்த்தி வைக்க. அதுக்கப்புறமும் ஸ்லோன்னா டீஃப்ராக் ஆப் எதையும் தேடாதீங்க. எஸ்எஸ்டி மாத்துங்க, வித்தியாசம் அப்பதான் தெரியும்.

இப்போ அந்த டக் டக். டிஸ்க் சாகப் போறதோட அறிகுறியா இருக்கலாம். டீஃப்ராக் மணிக்கணக்கா டிஸ்க் முழுக்கப் படிச்சு எழுதும், பலவீனமான டிஸ்க் பாதியிலேயே போயிடலாம். அதனால பண்ணவே பண்ணாதீங்க. முதல்ல வீட்டு ஃபோட்டோ, அப்புறம் பிராஜெக்ட், எல்லாத்தையும் வேற டிரைவுக்கு காப்பி பண்ணுங்க. ஏதாவது ஃபைல் நகராம நின்னா, அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க.