உங்களுக்குத் தெரியுமா? உச்சி வெயிலில் சுருளும் நெல்

வில்லாபுரத்துக்குத் தெற்கே, கண்மாயை நம்பிய வயல்களில் மண் காய்ந்தால் நெல் இலை நடுப்பகலில் குழலாகச் சுருண்டுகொள்ளும். உடனே பதற வேண்டியதில்லை. இலையின் மேற்புறத்துப் பெரிய செல்கள் நீரிழந்து தளர்வதால் வரும் சுருள் அது. வெயில் படும் பரப்பு குறையும், நீராவிப்போக்கும் குறையும். வறட்சியில் பெருகும் அப்சிசிக் அமிலம் இலைத்துளைகளையும் மூடிவிடும்.

தூர் கட்டும்போது காய்ச்சல் வந்தால் பூப்பது தள்ளிப்போகும். மழை பெய்தால் பெரும்பாலும் தேறிவிடும். கதிர் வரும் நேரத்தில் வந்தால்தான் வினை. கதிர் உறைக்குள்ளேயே பாதி சிக்கும், மகரந்தம் மலடாகும், களத்தில் பதர்தான் தூற்றலாம்.

மானாவாரிக்கென்றே பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அண்ணா (ஆர்) 4 ரகம் 2009-இல் வெளியானது. வயது 100 முதல் 105 நாள். மழைக்காலம் முடிவதற்குள் கதிர் முற்றிவிட வேண்டும் என்பதே கணக்கு.