பேஜ்களின் பண்டமாற்று

"வைரஸுக்குத் தாய் ஏது, தந்தை ஏது? அதில் பரம்பரைக் கலப்பு எங்ஙனம் நிகழும்?" என்று இலக்கியம் பயிலும் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்விதான். அதற்கான முதல் தடயம் 1946-இல்தான் கிடைத்தது.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்குப் பேஜ் என்று பெயர். டி2 என்னும் பேஜ் ஈ. கோலை பாக்டீரியாவினுள் தன் டி.என்.ஏ.வைச் செலுத்துகிறது. அரை மணிக்குள் பாக்டீரியா வெடிக்கிறது. நூறளவில் புதிய பேஜ்கள் வெளிவருகின்றன. பாக்டீரியா படர்ந்த தட்டில் அவ்விடம் துளையாகத் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத உயிரை அதன் துளையைக் கொண்டே அடையாளம் காண்கிறோம்!

ஹெர்ஷியும் ரோட்மனும் இருவகைப் பேஜ்களை ஒரே பாக்டீரியாவுக்குள் புகுத்தினர். ஒன்றின் துளை பெரியது, தெளிந்தது. மற்றதன் துளை சிறியது, மங்கலானது. பிறந்தவற்றுள் பெற்றோரைப் போன்றவை மட்டுமல்ல, பெரிய மங்கலும் சிறிய தெளிவும் இருந்தன! தனித்தனியே வளர்த்தால் இவை இவ்வளவு தோன்றுவதில்லை. ஆகவே இது திடீர் மாற்றமன்று, கொடுக்கல் வாங்கலே.

ஆனால் எப்படி? இரண்டையும் மாறி மாறிப் பார்த்துப் புதுப் பிரதி எழுதப்படுகிறதா, இழைகளே அறுந்து ஒட்டுகின்றனவா? 1961-இல் மெசல்சனும் வைகிளும் லாம்டா பேஜைக் கனமான கார்பனும் நைட்ரஜனும் ஊட்டி வளர்த்து, சாதாரணப் பேஜுடன் கலந்தனர். பிறந்த கலப்புப் பேஜ்களைச் சீசியம் குளோரைடு கரைசலில் சுழற்றி எடை பார்த்தால், பழைய கனமான துண்டுகள் அவற்றுள் இருந்தன. வெறும் பிரதியாயின் அக்கனம் எங்கிருந்து வரும்? இழை உண்மையாகவே அறுந்து ஒட்டுகிறது. என் கணிப்பில் இதுவே இத்துறையின் மிக நேர்த்தியான சோதனை.

இரு குறிகள் எவ்வளவு தள்ளியிருக்கின்றனவோ, அவ்வளவு அடிக்கடி அவற்றிடையே அறுபடும். இதைக் கொண்டே ஜீன் வரைபடம் தீட்டலாம். டி4 பேஜில் பென்சர் 1955-இல் இன்னும் நுணுகினார். இயல்பான பேஜ் மட்டுமே வளரக்கூடிய ஒரு பாக்டீரியாவைச் சல்லடையாக்கினார். பத்து லட்சத்தில் ஒன்று கலந்தாலும் அது துளையிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரே ஜீனுக்குள்ளும் அறுபடுவது தெரிந்தது. ஜீன் பிளக்க முடியாத மணி என்ற எண்ணம் அத்துடன் போயிற்று.

லாம்டாவில் இவ்வேலையைச் செய்வன சில புரதங்கள். ஒன்று இழையின் முனையை அரித்து ஒற்றை இழையை வெளிப்படுத்தும். மற்றொன்று அதை ஒத்த வரிசையுடன் இணைக்கும். அந்தப் புரதங்களையே கடன் வாங்கி, இன்று ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாவின் ஜீன்களைத் திருத்தி எழுதுகிறார்கள்.