உங்களுக்குத் தெரியுமா? டிவி வருவதற்கு முன்பே வந்த ட்விஸ்ட்!

பிரிட்டனில் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' என்ற பாப் இசைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1964 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அதே ஆண்டுதான் இங்கே தமிழ்நாட்டில் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' படம் வண்ணத்தில் வந்து இளைஞர்களை ட்விஸ்ட் ஆட வைத்தது. ஆனால் வீட்டில் பார்க்க டிவி ஏது? சென்னைத் தொலைக்காட்சி நிலையமே 1975 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது.

வடலூர், கடலூர், சிதம்பரம் பக்கம் அன்று பாட்டு என்றால் சினிமா கொட்டகை, கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, வானொலி. அதிலும் இலங்கை வானொலி! மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கியதும், நேயர்கள் கூட்டமாக இலங்கைப் பக்கம் திரும்பினார்கள். அவர்களை மீட்கத்தான் 1957-இல் அகில இந்திய வானொலியின் விவித் பாரதி சேவை பிறந்தது. கொட்டகையில் பார்த்த அந்தப் பாடல்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது, பின்னாளில் தொலைக்காட்சியில் வந்த வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சி.

அந்தப் பாடல்களைக் கேட்ட பழைய வால்வு ரேடியோ உங்கள் பரணில் கிடக்கிறதா? தயவுசெய்து பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள்.