ஷாஃப்ட் கழன்ற டிஃபெண்டர்... ஹேண்ட் பிரேக்கை நம்பலாமா?

இன்ஜின் உறுமுகிறது, கியரும் விழுகிறது. வண்டி மட்டும் நகரவில்லை! பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் பழுதான பின்பக்க புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். முன்பக்க ஷாஃப்ட் நன்றாக இருந்தும் ஏன்?

எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி செல்லும் வண்டி இது. அதை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தருவது சென்டர் டிஃபரென்ஷியல். வளைவுகளில் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இது அவசியம். ஆனால், ஒரு பக்கம் ஷாஃப்ட் இல்லையென்றால் சுழற்சி முழுவதும் அந்தப் பக்கமே வீணாகிவிடும்.

தீர்வு, 'டிஃப் லாக்'. அதைப் போட்டால், முன்சக்கரங்களே வண்டியை மெதுவாக வொர்க்‌ஷாப் வரை இழுத்துச் சென்றுவிடும்.

ஆனால், கவனம்! இதன் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்முனையில், அந்த ஷாஃப்ட் பொருந்தும் இடத்தில் இருக்கிறது. லாக் போடாமல், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி சரிவில் நிறுத்தினால் வண்டி உருண்டுவிடும். எனவே, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே ஷாஃப்டில் கை வையுங்கள்!