கண்ணாடி வீட்டுக் கொடிகள் – 7: 54 பூக்கள்

லண்டன் பாடிங்டனில், சார்ல்ஸ் கிரெவில் வளர்த்த வெனிலாக் கொடியின் சந்ததி ஆண்ட்வெர்ப்புக்கும் லீயேஜுக்கும் சென்ற வரலாற்றை, நினைவுள்ள வாசகர்கள் மறந்தவர்களுக்குச் சொல்லிக்கொள்வார்களாக.

இவ்வாரம் அக்கொடிக்கு வேண்டிய உஷ்ணத்தையும் நீரையும் பற்றி விஸ்தாரமாக எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆசிரியரும் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் கண்ணாடி வீட்டின் படம் ஒன்றை ஆயத்தமாக வைத்திருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால், 20 டிகிரிக்குக் கீழே இறங்காத வெப்பமும், இலையைத் தீய்க்காத அரைநிழலும், பற்றுவேர்கள் உலராத ஈரக்காற்றும் வேண்டும். கூரையளவு ஏறிய கொடியை அப்படியே விட்டுவிட்டால் இலைதான் மிகும்; அதை மடக்கிக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால், தொங்கும் பாகத்தில் பூங்கொத்துகள் அரும்பும். புடலைப் பிஞ்சுக்குக் கல் கட்டித் தொங்கவிடும் நம்மவர்க்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

ஆனால் இந்த வாரம் முழுவதும் என்னை ஆட்கொண்டிருப்பது 54 என்னும் எண்தான்.

வெனிலாப் பூ காலையில் மலர்ந்து, பிற்பகலுக்குள் வாடிவிடும். மகரந்தமும் சூல்முடியும் அதே பூவில், ஒன்றையொன்று தொட்டுவிடும் தூரத்தில் இருந்தும், இடையே மெல்லியதொரு மடல் திரைபோல் விழுந்து அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. தாயகமான மெக்ஸிகோவில் பூச்சிகள் புகுந்து அக்காரியத்தை முடித்துவிடுகின்றன. ஐரோப்பியக் கண்ணாடி வீட்டுக்குள் அவை ஏது? 1819-இல் ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஜாவாவுக்குக் கொண்டுபோன கொடிக்கோ வெயில், மழை, வெக்கை யாவும் தாராளமாகக் கிடைத்தன. அது பூத்தது, ஆயினும் காய்க்கவில்லை.

காய்த்தது குளிர்தேசமாகிய பெல்ஜியத்தில்! லீயேஜில் தாவர சாஸ்திரப் பேராசிரியராக இருந்த ஷார்ல் மோரன், 1836-இல் தம் பராமரிப்பிலிருந்த கொடி 54 பூக்கள் பூத்தபோது, அந்த மடலை விலக்கி மகரந்தத்தைத் தம் கையாலேயே சேர்த்தார்; பலன், 54 காய்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. மாம்பூவில் எத்தனை பிஞ்சாகின்றன, பிஞ்சில் எத்தனை நிற்கின்றன என்று ஆண்டுதோறும் பெருமூச்சு விடுகிறவர்களுக்கே இந்தக் கணக்கின் ருசி முழுமையாக விளங்கும். மறு ஆண்டு வேறொரு கொடியில் அதே முறையால் ஏறத்தாழ 100 காய்கள் கிடைத்தன.

பூசணியின் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தடவும் நம் பாட்டிமார், இதற்கா இத்தனை ஆரவாரம் என்று கேட்கக்கூடும். பூசணிப் பூ திரை போட்டுக்கொள்வதில்லை என்பதே என் பதில்.

இதே மோரன்தான், பூ மலர்வது, இலை உதிர்வது முதலியவற்றின் காலங்களை ஆராயும் துறைக்கு ‘ஃபீனாலஜி’ என்ற பெயரை 1849-இல் வழங்கியவர். காலையில் விரிந்து மாலையில் இல்லாமற்போகும் பூவுக்காகக் காத்திருந்த மனிதருக்கு அந்தப் பெயர் தோன்றியதில் எனக்கு வியப்பில்லை. இந்தத் தகவலுக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் சம்பந்தமில்லை என்று ஆசிரியர் சொல்வார், சொல்லட்டும்.

குழாய்களும், ரீயூனியன் தீவில் 1841-இல் ஒரு சிறு குச்சியால் இதே வித்தையைச் சுலபமாக்கிய எட்மன் என்னும் 12 வயது அடிமைச் சிறுவனும் அடுத்த வாரம் வருவார்கள். பச்சை வெனிலாக் காய்க்கு வாசனையே கிடையாது. வெந்நீரில் முக்கி, வெயிலில் காயவைத்து, வியர்க்கவைத்துப் பக்குவப்படுத்திய பிறகே மணம் பிறக்கும். அதையும் அப்போதுதான் எழுத வேண்டும். அதுவரை அந்த 54 காய்களும் லீயேஜில் பச்சையாகவே தொங்கட்டும்.